எட்டாம் வகுப்பை அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறேன். போன வருஷம் மாதிரி ஆகாமல் இருக்க என்ன செய்யலாம்?

பாலக்கோடு டீச்சர்:

வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். போன வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேரை வெளியூரில் ஒரு அறிவியல் மையத்துக்குக் கூட்டிப் போனேன். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, வழியில் இரண்டு வாந்தி, ஒரு டயர் பஞ்சர் எல்லாம் பார்த்து, பத்தரைக்கு உள்ளே நுழைந்தோம். ஒரு மணிக்கெல்லாம் எல்லா மாடியும் முடிந்துவிட்டது. பார்த்து முடிக்கவில்லை, ஓடி முடித்தார்கள். பொத்தான் இருந்தால் அமுக்கு, கைப்பிடி இருந்தால் சுற்று, அடுத்ததுக்கு ஓடு. நான் பின்னாலேயே ஓடித் தலையை எண்ணிக்கொண்டிருந்தேன். 36, 37, ஐயோ ஒன்று குறைகிறதே என்று.

மறுநாள் வகுப்பில் என்ன பார்த்தீர்கள் என்று எழுதச் சொன்னேன். 38 தாளில் 31இல் டைனோசர் பொம்மை. மிச்சத்தில் பாதி பப்ஸும் ஐஸ்கிரீமும். ஒரே ஒரு பையன் மட்டும், "ரெண்டு கம்பி மேல ஒரு உருளை தானா மேட்டுல ஏறிச்சு, ஏன்னு தெரியல" என்று எழுதியிருந்தான். எனக்கும் அது சரியாகத் தெரியவில்லை. "நன்று" என்று போட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

இந்த வருஷம் பெங்களூர் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்று தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டார். அலுவலக அனுமதி, பெற்றோர் கடிதம், வண்டிக்குக் கர்நாடகா பெர்மிட் எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. தலைக்கு 450 ரூபாய் ஆகும். இங்கே தக்காளி பறிக்கப் போகிற அம்மாக்களுக்கு அது ஒரு நாள் கூலிக்கும் மேல். அந்தக் காசுக்குப் பிள்ளைகள் ஏதாவது எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும் என்பதுதான் என் கவலை. தோழி ஒருத்தி 40 கேள்வி கொண்ட தாள் ஒன்று தயார் செய்து கொடுத்திருக்கிறாள். அதைக் கொடுத்துக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் ஓடாமல் இருப்பார்களா? இப்படிப் போய்வந்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.

ஊத்தங்கரை சார்:

மேடம், நேரடியாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பெங்களூர் வேண்டியதில்லை. 450 பெருக்கல் 38 என்று போட்டுப் பாருங்கள், 17,100. அந்தக் காசுக்கு லென்ஸ், காந்தம், மோட்டார், ஒயர், எல்இடி என்று ஒரு பீரோ நிறைய வாங்கலாம், மூன்று வருஷம் ஓடும். 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், அதான் அரசுப் பள்ளிகளுக்கான நடமாடும் அறிவியல் சோதனைத் திட்டம், ஆறு முதல் எட்டு வரைக்கும்தானே. சோதனை செய்து காட்டும் கருத்தாளர் சாமான்களோடு பள்ளிக்கே வருகிறார். அவரை உட்கார வைத்து இன்னும் இரண்டு பீரியடு கூடுதலாகக் கேளுங்கள். பேருந்தில் போவது சுற்றுலா. சுற்றுலா என்று சொல்லியே கூட்டிப் போங்கள், தப்பில்லை.

ஓசூர் டூல்ரூம்:

டீச்சர், வணக்கம். நான் ஓசூரில் ஒரு டூல்ரூமில், அதாவது கருவிகள் செய்யும் பட்டறையில், டை என்கிற உலோக அச்சுகள் செய்பவன். அதற்கு முன்னால், டிப்ளமோ முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒன்றரை வருஷம் விளக்குநராக நின்றிருக்கிறேன். கன்னடம், தமிழ், தப்பும் தவறுமாக இந்தி. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பள்ளிக்கூடம். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 40 கேள்வித் தாளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். உங்கள் தோழிக்கு என் மன்னிப்பு. தாள் கையில் இருந்தால் பிள்ளைகள் சாமானைப் பார்க்க மாட்டார்கள். பலகையைப் பார்த்து விடையை எழுதுவார்கள், ஒருத்தன் எழுதியதை முப்பது பேர் எழுதுவார்கள். நான் தினமும் பார்த்த காட்சி அது. சுவரில் தாளை வைத்து மும்முரமாக எழுதிக்கொண்டிருப்பார்கள், அவர்கள் முதுகுக்குப் பின்னால் சாமான் சும்மா நிற்கும்.

என் கணக்கு ஆறு சாமான். ஒரு நாளைக்கு அவ்வளவுதான். நீங்கள் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னாலேயே போய் அந்த ஆறைத் தேர்ந்தெடுத்துவிட்டு வாருங்கள். மற்றதையெல்லாம் மதியத்துக்கு மேல் அவர்கள் இஷ்டத்துக்கு ஓடிப் பார்க்கட்டும், டைனோசர் உள்பட. அந்த ஆறுக்கு மட்டும் ஒரு சட்டம்: என்ன ஆகும் என்று சொல்லாமல் யாரும் தொடக்கூடாது. தப்பாகச் சொன்னால் பரவாயில்லை, தப்பாகச் சொன்னால்தான் நல்லது. பலகையைக் கடைசியில் படிக்கட்டும்.

இது நான் யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை, ஒரு பையன் எனக்குக் கற்றுக்கொடுத்தது. செம்புக் குழாய்க்குள் காந்தத்தைப் போடுகிற சாமான் ஒன்று எங்களிடம் இருந்தது. சாதாரண இரும்புத் துண்டைப் போட்டால் டக்கென்று கீழே விழும். காந்தத்தைப் போட்டால் தண்ணீருக்குள் போவது போல மெதுவாக இறங்கும். செம்பைக் காந்தம் இழுக்காது, ஆனாலும் மெதுவாகத்தான் வரும். நான் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன்: காந்தம் நகரும்போது குழாயின் சுவரில் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது, அது காந்தத்தின் ஓட்டத்தை எதிர்க்கிறது, நன்றி, அடுத்தது. ஒரு நாள் ஆனேக்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் எல்லாரும் போன பிறகும் நின்றான். "அண்ணா, குழாய நீளவாக்குல அறுத்துட்டா கரண்ட் எப்பிடி சுத்தும்?" என்றான். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லாமல், "அப்போ வேகமா விழுந்திரும்" என்று அடித்துவிட்டேன். போய்விட்டான்.

பல வருஷம் கழித்து, டூல்ரூமில் ஒரு நாள் ஏசி மெக்கானிக் போட்டுவிட்டுப் போன அரை அங்குலச் செம்புக் குழாய் ஒரு மீட்டர் கிடந்தது. அவன் ஞாபகம் வந்தது. 10 மில்லிமீட்டர் நியோடிமியம் காந்தம் (சின்னதாக இருந்தாலும் ரொம்ப பலமாக இழுக்கும் வகை) ஒன்றை உள்ளே விட்டேன். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சும்மா போட்டால் அரை வினாடிகூட ஆகாது, குழாய்க்குள் நிதானமாக மூன்று எண்ணும் வரை இறங்கியது. சாப்பாட்டு வேளையில் அந்தக் குழாயை வைஸில் பிடித்து, ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்தேன். லேசான வேலை இல்லை, குழாய் நசுங்கும், உள்ளே ஒரு கம்பியைக் கொடுத்துத்தான் அறுக்க வேண்டும். பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டு மறுபடி காந்தத்தை விட்டேன். வேகமாக விழுந்தது, ஆனால் இரும்புத் துண்டு அளவுக்கு வேகம் இல்லை. குழாயைச் சுற்றிப் போகிற பெரிய வழி அறுந்தாலும், பிளவின் இந்தப் பக்கத்திலேயே சின்னச் சின்னச் சுழலாக மின்னோட்டம் ஓடத்தான் செய்கிறது. ஆக, நான் அவனிடம் சொன்னது பாதி பொய். அவன் பெயர்கூடத் தெரியாது.

(நியோடிமியம் காந்தத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். இரண்டை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பெரிய ஆபத்தாகும். இதில் விளையாட்டு வேண்டாம்.)

இன்னொன்று, கை பேட்டரி. ஒரு பக்கம் செம்புத் தகடு, இன்னொரு பக்கம் அலுமினியத் தகடு, நடுவில் முள் உள்ள மீட்டர். இரண்டு உள்ளங்கையையும் வைத்தால் முள் நகரும். உப்பு வேர்வைதான் மின்பகுளி, பேட்டரிக்குள் இருக்கிற திரவம் செய்கிற வேலையை அது செய்கிறது. ஒரு தடவை ஒரு வாண்டு கையில் எச்சில் துப்பித் தேய்த்துவிட்டு வைத்தான், முள் இன்னும் ஏறியது. அவன் டீச்சர் முதுகில் ஒன்று வைத்தார். எனக்கு அவனைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது. வேர்வைதான் வேலை செய்கிறது என்று யாரும் சொல்லாமலே அவன் கண்டுபிடித்துவிட்டான் அல்லவா!

இதைப் போவதற்கு முன்பே வகுப்பில் செய்துவிடலாம். உங்கள் ஊரில் புளிக்கு என்ன பஞ்சம்? கெட்டியாகக் கரைத்து டம்ளரில் ஊற்றி, ஒரு பக்கம் செம்புக் கம்பி, இன்னொரு பக்கம் துத்தநாகம் பூசிய ஆணி. ஒரு டம்ளருக்கு 0.9 வோல்ட் பக்கம் வரும். சிவப்பு எல்இடிக்கு இரண்டு வோல்ட் பக்கம் வேண்டும், ஆகவே மூன்று நான்கு டம்ளரைத் தொடராக இணைக்க வேண்டும். எத்தனை டம்ளர் என்று நீங்கள் சொல்லாதீர்கள்.

அப்புறம் விமானம். விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு முழு அளவு மாதிரி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து, ஓ, ஏரோபிளேன் என்று போய்விடுவார்கள். அதற்கு முந்தின வாரமே பள்ளி மைதானத்தில் ஒரு வேலை செய்யுங்கள். அதன் இறக்கை, முனைக்கு முனை 40 அடி. கோலப்பொடியில் வரையச் சொல்லுங்கள். 1903 டிசம்பர் 17 அன்று முதல் தடவை பறந்தது 120 அடி, 12 வினாடி. அதையும் அளந்து இரண்டு கல் நடுங்கள். மூன்று இறக்கை நீளம்தான் மொத்தப் பயணமும். அதை மனதில் வைத்துக்கொண்டு பெங்களூரில் போய் நின்றால் அந்தத் துணி இறக்கையும் கம்பிகளும் வேறு மாதிரி தெரியும்.

உங்கள் பழைய மாணவன் கேட்ட உருளைக்கு வருகிறேன். அது இரட்டைக் கூம்பு. எண்ணெய்க் கடைப் பிளாஸ்டிக் புனல் இரண்டை வாயோடு வாய் வைத்து டேப் ஒட்டுங்கள், அதுவேதான். இரண்டு நீளக் குச்சியை வி எழுத்து போல வையுங்கள். விரிந்த பக்கம் ஒரு நோட்டுப் புத்தகம் கனத்துக்கு உயரமாக இருக்கட்டும், அதற்கு மேல் தூக்கினால் உருளாது. குச்சிகள் விரிய விரிய, கூம்பு தன் மெலிந்த பகுதியில் போய் உட்காரும், அதனால் அதன் நடு அச்சு இறங்கிக்கொண்டே வரும். கண்ணுக்கு ஏறுவது போலத் தெரியும். ஸ்கேலை நிறுத்தி, மேசையிலிருந்து நடு அச்சு எவ்வளவு உயரம் என்று இரண்டு முனையிலும் அளந்தால், உயரமான பக்கத்தில் குறைவாகக் காட்டும். அந்த ஸ்கேல் இல்லாமல் இது வெறும் மேஜிக். பையன் இப்போது ஒன்பதாவது போயிருப்பான். முடிந்தால் கூப்பிட்டு அவன் கையில் புனலைக் கொடுத்துவிடுங்கள்.

ஊத்தங்கரை சார் சொல்வதில் முக்கால்வாசி எனக்குச் சம்மதம். பீரோ வாங்குங்கள். ஆனால் எஞ்ஜினைப் பீரோவில் வைக்க முடியாது சார். பெங்களூர் அருங்காட்சியகத்தில் எஞ்ஜின் கூடம் என்று தனியாகவே இருக்கிறது. ஒரு நிஜ எஞ்ஜின் பக்கத்தில் நிற்கும்போது அதன் கனம் உடம்புக்குத் தெரியும், படத்தில் தெரியாது. எங்களிடம் பயிற்சிக்கு வருகிற ஐடிஐ பிள்ளைகள் பிஸ்டன் படத்தை அழகாக வரைவார்கள். கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் மேலே என்று கேட்பார்கள். நுட்பமாக அளவெடுக்கும் வெர்னியர் காலிப்பரை முதல் முதலாக எங்களிடம்தான் தொடுகிறார்கள், 18 வயதில்.

காவேரிப்பட்டணம் தையல் அக்கா:

நான் டீச்சர் இல்லை, அம்மா. ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். என் பொண்ணு ஏழாவது படிக்கும்போது இப்படி ஒரு இடத்துக்குப் போய்வந்தாள். "என்னடி பண்ணே?" என்றேன். "பாத்தேம்மா" என்றாள். "எதையாச்சும் தொட்டியா?" "பசங்க விடல." ஒரு நாள் முழுக்க எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். இத்தனைக்கும் வீட்டில் என் தையல் மெஷினில் நூல் இறுக்கம் கூடினாலோ பாபின் சிக்கினாலோ அவள்தான் திருப்புளியோடு வருவாள். நான் கைவைத்தால் "நீ சும்மா இரும்மா" என்பாள்.

கூடப் போன டீச்சரைக் குறை சொல்லவில்லை, அத்தனை பேரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார். ஆனால் கைப்பிடி என்று ஒன்று இருந்தால் அதைப் பையன்கள்தான் முதலில் பிடிப்பார்கள். நீங்கள் பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்தால் பொண்ணுங்களைத் தனிக் குழுவாகப் பிரித்துவிடுங்கள். கலந்து போட்டால் அவர்களை எழுதச் சொல்லிவிட்டு இவன்கள் சுற்றுவான்கள்.

தகடூர்க்காரன்:

எல்லோரும் பெங்களூரைப் பற்றியே பேசுகிறோம். கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, தருமபுரியில் நடுகற்கள் வைத்த தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அவை வரலாற்றுக்கு மட்டும்தான் என்று அறிவியல் ஆசிரியர்கள் விட்டுவிடுகிறார்கள். நடுகல்லில் அம்பு தைத்து நிற்கிற வீரனைப் பார்த்துவிட்டு யார், எந்த ஊர், யாருடைய மாட்டை மீட்டான் என்று கேட்போம். இதை எதைக்கொண்டு செதுக்கினான் என்று கேட்பதில்லை.

இங்கே பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் கிரானைட் வேலைக்குப் போகிறவர்கள். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் சாதாரண இரும்பைவிடக் கடினம். பச்சை இரும்பு உளி நாலு அடியில் மழுங்கிவிடும். எஃகு முனையைக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்துப் பதம் வைத்தால்தான் கல்லில் நிற்கும். இதை ஒரு உளிக்காரரை வகுப்புக்கு அழைத்தால் பத்து நிமிடத்தில் காட்டிவிடுவார்.

இரும்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதற்கும் நம் பக்கத்திலேயே பதில் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். 2025 சனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலக்கணிப்பு அதையும் முந்திவிட்டது, அது தனிக் கதை. இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். கரியும் துருத்தியும் வைத்த பழைய உலையில் அவ்வளவு சூடு ஏற்றியிருக்க மாட்டார்கள். உருக்காமலே, 1200 டிகிரி சுமாரில் கரியைக்கொண்டு தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, கடற்பஞ்சு மாதிரி வருகிற கட்டியை அடித்து அடித்துக் கசடை வெளியேற்றுவார்கள். எட்டாம் வகுப்பு வேதியியலுக்கு இதைவிட என்ன வேண்டும்? பெங்களூருக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முந்தின மாதம் தருமபுரிக்கு டவுன் பஸ்ஸில் ஒரு நடை போய்வாருங்கள்.

பாலக்கோடு டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளாக எழுதவில்லை, சும்மா இருக்கவில்லை.

கோலப்பொடியில் இறக்கை வரைந்தோம். 40 அடிக்கு இரண்டு பொட்டலம் தீர்ந்துவிட்டது. 120 அடிக்குக் கல் நட்டதும் பையன்கள் ஓடிப் பார்க்க ஆரம்பித்தார்கள். போன் ஸ்டாப்வாட்சில் ஒருத்தன் 6 வினாடி. "மிஸ், நான் ரைட் பிரதர்ஸவிட டபுள் ஸ்பீடு" என்று ஒரே கூத்து. எனக்கும் அப்போதுதான் உறைத்தது, 12 வினாடிக்கு 120 அடி என்றால் மனுஷன் ஓடுகிற வேகம்கூட இல்லையே, எப்படி மேலே நின்றது? அன்று இரவு தேடிப் படித்தேன். அன்றைக்கு அங்கே மணிக்கு 30 கிலோமீட்டருக்கும் மேலே எதிர்க்காற்று. தரையைப் பொறுத்துத்தான் மெதுவாகப் போயிருக்கிறது, இறக்கைக்குக் காற்று வேகமாகத்தான் கிடைத்திருக்கிறது. மறுநாள் காற்றாடி விடுகிற பையனிடம் கேட்டேன், நின்ற இடத்திலேயே உன் காற்றாடி எப்படி நிற்கிறது என்று. ஆரம்பித்த விவாதம் மணி அடித்தும் முடியவில்லை.

புளி பேட்டரி சொதப்பியது. மூன்று டம்ளர் வைத்தோம், எரியவில்லை. நாலு, எரியவில்லை. நான் கைவிட்டுவிட்டேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி, ஜூன் மாதத்திலிருந்து வகுப்பில் வாயே திறக்காதவள், எழுந்து வந்து எல்இடியின் கால்களை இடம் மாற்றிச் சொருகினாள், அதில் மின்னோட்டம் ஒரு பக்கமாகத்தான் போகும். எரிந்தது. ரொம்ப மங்கல். ஜன்னலைச் சாத்தி, கையைக் குவித்து ஒவ்வொருத்தராகக் குனிந்து பார்த்தார்கள், ஏதோ கோழிக்குஞ்சைப் பார்ப்பது போல. தையல் அக்கா, நீங்கள் சொன்னபடி பெண்களுக்குத் தனிக் குழு போட்டிருக்கிறேன். ஒரு குழுவுக்கு இவள்தான் தலைவி.

புனலும் குச்சியும் தயார். பழைய மாணவன் சனிக்கிழமை வருகிறேன் என்றான், மாரண்டஅள்ளியில் படிக்கிறான். தருமபுரி நடுகல் அடுத்த வாரம், ஒரு அப்பா உளியோடு வர ஒத்துக்கொண்டார். 40 கேள்வித் தாளைப் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று படம் வரையக் கொடுத்துவிட்டேன்.

ஓசூர் சாருக்கு ஒரு கேள்வி. அந்த அறுத்த குழாய் இன்னும் இருக்கிறதா?

ஓசூர் டூல்ரூம்:

இருக்கிறது டீச்சர். அறுக்காதது ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன், அது இல்லாமல் இது எதற்கு. நீங்கள் ராயக்கோட்டை வழியாகத்தானே வருவீர்கள், ஓசூர் பஸ் ஸ்டாண்டு வந்ததும் போன் போடுங்கள், ஆறரைக்கு ஷிப்டுக்குப் போகிற வழியில் வண்டியிலேயே கொடுத்துவிடுகிறேன். காந்தம் மூன்று இருக்கும். திரும்பி வரும்போது மூன்றையும் எண்ணித்தான் வாங்குவேன்.